முப்பத்தொன்பது சீட்டுகள்

விக்கிரமாதித்தன் கதையின் தொடக்கத்தில் ஒரு பரண் வருகிறது. போஜராஜன் பரிவாரங்களோடு திரும்பும் வழியில் விளைந்து நிற்கும் ஒரு கொல்லை. பரண்மீது அமர்ந்து காவல் காக்கும் கொல்லைக்காரன், களைத்து வருபவர்களைக் கண்டதும் உள்ளே வந்து வேண்டுமட்டும் கதிர் பறித்து உண்ணும்படி அழைக்கிறான். அவர்கள் கொல்லைக்குள் இறங்கிய சற்று நேரத்தில் அவனும் பரணைவிட்டு இறங்குகிறான். இறங்கியதும் அதே மனிதன், தன் விளைச்சல் பாழாகிறதே என்று கூக்குரலிட்டு அவர்களை விரட்டுகிறான். திரும்பவும் பரணேறினால் தாராளம். தரையில் கால் வைத்தால் கருமித்தனம். வியந்துபோன ராஜன் அவ்விடத்தைத் தோண்டச் செய்ய, பரணின் அடியில் விக்கிரமாதித்தனின் சிம்மாசனம் புதைந்து கிடக்கிறது.

சிறுவயதில் இதைச் சிம்மாசனத்தின் மகிமையாகவே கேட்டு வளர்ந்தோம். பின்னாளில் எனக்கு வேறொன்று தோன்றியது. ஒரு மனிதன் என்ன சொல்வான் என்பதை அவனுடைய குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவன் எங்கே அமர்ந்திருக்கிறான் என்பதும் தீர்மானிக்கிறது. அயலுறவைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். கச்சத்தீவு ஆகட்டும், இலங்கைத் தமிழர் பிரச்சினை ஆகட்டும், நம் பேச்சில் துரோகிகளும் தியாகிகளும் மட்டுமே இருப்பார்கள். பரணில் ஏறிப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஏறிப் பார்த்தவர்களோ கீழே நிற்பவனை மறந்துவிடுகிறார்கள்.

மாணவர்களைப் பரணேற்றிப் பார்க்கும் ஒரு கல்விமுறை உலகில் ஏறக்குறைய நூறாண்டுகளாக வழக்கில் இருக்கிறது. ஒரு நாட்டின் பிரதமராகவோ தூதராகவோ எதிரிநாட்டு அமைச்சராகவோ மாணவனை வேடமேற்கச் செய்து, முடிவெடுக்க வைத்துக் கற்பிக்கும் முறை. ஆசிரியப் பயிற்சி நூல்களில் நடிப்பு முறை என்றும் பாவனை முறை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அந்த முறையின் வரலாற்றைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அதில் விடுபட்டுப்போகும் ஒரு நாற்காலியைப் பற்றியது.

*

இதை யோசிக்கச் சைதாப்பேட்டை பொருத்தமான இடம். 1856ஆம் ஆண்டு சென்னையில் அரசு தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, பின்னர் கல்லூரியாக வளர்ந்து, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே குடியேறியது. அண்ணா சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அதன் மதிலையும் மரங்களையும் பார்த்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்தின் பள்ளி ஆசிரியர்கள் இங்கிருந்து புறப்பட்டுப் போயிருக்கிறார்கள். 1910இல் மாநிலக் கல்லூரியில் புதிதாகப் பணியேற்றிருந்த இளைஞர் ஒருவர் ஆசிரியப் பயிற்சிக்காக இங்கே அனுப்பப்பட்டார். உளவியலில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் கண்ட பேராசிரியர், அவரையே சக மாணவர்களுக்கு உரையாற்றச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அந்த இளைஞர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியாவின் தூதர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர்.

ஆசிரியப் பயிற்சியின் மையத்திலேயே ஒரு பாவனை இருக்கிறது. பயிற்சி மாணவர் வகுப்பின் முன்னே நிற்பார். எதிரே பெஞ்சுகளில் அமர்ந்திருப்பவர்கள் அவருடைய சக மாணவர்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கு அவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். புரியாததுபோலக் கேள்வி கேட்பார்கள், குறும்பு செய்வார்கள், தவறான விடை சொல்வார்கள். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் இதை ஒழுங்குபடுத்தி நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் அது இந்தியப் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் வந்து பாடத்திட்டத்தில் நிலைத்துவிட்டது. அதில் ஒரு சிறிய உண்மை ஒளிந்திருக்கிறது. அன்று அதிகம் கற்றுக்கொள்பவர் பாடம் நடத்தியவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையாக நடித்தவருக்குத்தான், புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு நினைவுக்கு வருகிறது.

*

அயலுறவைக் கற்பிக்க இதே வழியைக் கையாளலாம் என்ற எண்ணம் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1920களில் மேலைநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் மாணவர்கள் சர்வதேச சங்கத்தின் மாதிரி அவைகளை நடத்தினார்கள். ஐக்கிய நாடுகள் சபை தோன்றியபின் அவை ஐ.நா. மாதிரி அவைகளாயின. இன்று சென்னையின் பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறுவது அந்த மரபின் தொடர்ச்சியே.

இன்னொரு கிளை படைத்துறையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படையதிகாரிகள் வரைபடத்தின்மீது கட்டைகளை நகர்த்திப் போர் விளையாட்டு ஆடிப் பழகினார்கள். 1950களின் நடுவில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹெர்பர்ட் கோல்ட்ஹேமர், ஹான்ஸ் ஸ்பையர் ஆகியோர் அதைப் படைகளிலிருந்து அரசாங்கங்களுக்கு மாற்றினார்கள். வல்லுநர் குழு ஒவ்வொன்றும் ஒரு நாடாக அமர்ந்து, குறிப்புகள் எழுதி அனுப்பி, மற்றவரின் நகர்வுக்குப் பதில் நகர்வு செய்தது. 1957-58இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோ, மாணவர்களைக் கொண்டு கற்பனை நாடுகளின் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு நாட்டின் ஆட்சியாளரும் தம் மக்களின் திருப்தியை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் காக்க வேண்டும். தவறினால் பதவி போகலாம். வெளியே எத்தனை திறமையாகப் பேசினாலும் வீட்டுக்குள்ளே கணக்குத் தீராவிட்டால் ஆட்டம் முடிந்தது. பாடநூலில் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை, பதவியிழந்த மாணவன் அரை மணியில் புரிந்துகொள்கிறான்.

நம் நாட்டு வரலாறும் இந்த விளையாட்டுக்கு விலக்கல்ல. நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் 1990களில் தொடங்கிய வகுப்பறை விளையாட்டு வரிசையில், அவரும் இந்தியவியல் அறிஞர் எயின்ஸ்லி எம்ப்ரீயும் சேர்ந்து உருவாக்கிய ஒன்று 1945ஆம் ஆண்டின் சிம்லா மாநாட்டைக் களமாகக் கொண்டது. அமெரிக்க மாணவர்கள் சில வாரங்கள் காங்கிரசாகவும் முஸ்லிம் லீகாகவும் மாறி, இந்தியா ஒன்றாக இருக்குமா பிரியுமா என்று வாதாடுகிறார்கள். ஆட்டத்தின் முடிவு வரலாற்றின் முடிவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1947 என்பது விதி அல்ல, பலர் எடுத்த பல முடிவுகளின் கூட்டுத்தொகை என்பதை ஒருவன் உணர இதைவிட நேர்வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் விளையாட்டில் கற்றதை வாழ்க்கையில் கடைப்பிடிப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதற்குச் சான்று 1964 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்தது. அமெரிக்க முப்படைத் தலைமையின் போர் விளையாட்டுப் பிரிவு 'சிக்மா 2-64' என்ற ஆட்டத்தை நடத்தியது. ஆடியவர்கள் மாணவர்கள் அல்லர். ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி, தளபதி ஏர்ல் வீலர், விமானப்படைத் தலைவர் கர்ட்டிஸ் லெமே போன்றவர்கள் அதில் பங்கேற்றார்கள். சிலர் அமெரிக்காவாகவும் சிலர் ஹனோயாகவும் அமர்ந்தார்கள். வட வியட்நாமைக் குண்டுவீசிப் பணியவைக்க முடியாது, அமெரிக்கா மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படும் என்பதே ஆட்டம் காட்டிய பாதை. ஆறு மாதம் கழிந்தது. 1965 மார்ச்சில் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் அமெரிக்கத் தரைப்படை டா நாங் கடற்கரையில் இறங்கியது. பரணிலிருந்து இறங்கிய கொல்லைக்காரன்தான் நினைவுக்கு வருகிறான்.

*

இந்தியாவில் இவ்வகைக் கல்விக்கு அரசே கொடுத்த வடிவம் இளைஞர் நாடாளுமன்றம். 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு பரிந்துரைத்ததன்பேரில், 1966-67இல் நாடாளுமன்ற விவகாரத் துறை டெல்லிப் பள்ளிகளில் இதைத் தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர், கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம் எல்லாம் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். நல்ல முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் வசனம் முன்பே எழுதப்பட்டு மனப்பாடம் செய்யப்பட்டது. அமைச்சர் என்ன பதில் சொல்வார் என்று கேள்வி கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே உச்சரிப்பும் மேடைப் பழக்கமும் கிடைக்கும். முடிவெடுக்கும் துன்பம் கிடைக்காது.

ஐ.நா. மாதிரி அவைகளில் அந்தத் துன்பம் ஓரளவு உண்டு. அங்கே உள்ள குறை வேறு. ஆங்கிலமும் பங்கேற்புக் கட்டணமும் கோட்டும் டையும் சேர்ந்து, வாசலிலேயே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. சைதாப்பேட்டையின் ஒரு சந்திலிருந்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போகும் பெண் அந்த மண்டபத்துக்குள் நுழைவது அரிது. தவிரவும், தொலைதூர நாட்டின் பிரதிநிதியாகப் பேசிப் பழகும் பிள்ளைகள், இராமேசுவரத்திலிருந்து சில மணி நேரக் கப்பல் தூரத்தில் இருந்த ஒரு பிரச்சினையைத் தொடாமலே கல்வியை முடித்துவிடுகிறார்கள்.

தூது என்ற பெயரில் ஓர் அதிகாரமே உண்டு திருக்குறளில், அமைச்சியலில் வருகிறது. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு சொல்கிறது. தூதையும் அரசவைச் சொல்லையும் இலக்கியப் பொருளாக்கிய மொழியில், அயலுறவைக் கற்பிக்க நமக்கு நம்முடைய ஒரு விளையாட்டு இல்லை. இருக்குமானால் அதற்கு எந்த நிகழ்ச்சியை எடுப்பேன் என்று பலமுறை எண்ணியதுண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணம் சென்று நிற்கும் இடம் 1964 அக்டோபர், புதுடெல்லி. சிக்மா ஆட்டம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்த காலம்.

*

அந்த மாதம் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒரு மக்கள்தொகையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வேலை செய்ய ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததி அந்த மக்கள். 1947 தேர்தலில் அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது, கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றது அந்தத் தேர்தலில்தான். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மலையகத்தில் 'பிரஜாவுரிமை' என்ற வடசொல் லயத்து வீடுகளின் அன்றாடப் பேச்சில் புகுந்தது அப்படித்தான்.

நேருவின் நிலை நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. தாமாக விரும்பி இந்தியக் குடியுரிமை கேட்பவர்களை ஏற்கலாம். மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு. 1964 மே 27இல் நேரு மறைந்தார். அக்டோபர் 30இல் சாஸ்திரி கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த நிலையிலிருந்து விலகியது. குடியுரிமையற்றோர் 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். மீதி 1,50,000 பேரின் கதி பிறகு தீர்மானிக்கப்படும். காலவரை பதினைந்து ஆண்டுகள். இலங்கை நான்கு பேரை ஏற்றால் இந்தியா ஏழு பேரை ஏற்க வேண்டும் என்ற விகிதம்.

இதை ஒரு வகுப்பறையில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மேஜைக்கு ஐந்தாறு மாணவர்களாக மூன்று மேஜைகள்; மற்றவர்கள் செய்தியாளர்களும் பார்வையாளர்களும். ஒவ்வொரு மேஜையிலும் ஓர் உறை. அதில் அந்த மேஜைக்கு மட்டும் தெரிந்த செய்திகள்.

முதல் உறை டெல்லிக்கு. நீங்கள் பதவியேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நாட்டில் உணவுப் பற்றாக்குறை. சீனாவிடம் தோற்று இரண்டாண்டு. இம்மாதம் 14ஆம் தேதி மாஸ்கோவில் குருஷ்சேவ் பதவியிழந்துவிட்டார். 16ஆம் தேதி சீனா முதல் அணுகுண்டை வெடித்துவிட்டது. இந்த நேரத்தில் தெற்கே ஒரு நட்பு நாடு வேண்டும். 1962 இறுதியில் இந்திய–சீனச் சமரசத்துக்காகக் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டியவர்தான் உங்கள் எதிரே அமரப்போகும் பிரதமர்.

இரண்டாம் உறை கொழும்புக்கு. உங்கள் கூட்டணி அரசு பிறந்து சில மாதங்களே ஆகின்றன, பெரும்பான்மை மெலிது. கண்டிச் சீமையின் சிங்கள வாக்காளர்கள் உங்கள் முகத்தையே பார்த்திருக்கிறார்கள். அதே சமயம் நாட்டின் அன்னியச் செலாவணியில் பெரும்பங்கு தேயிலையால் வருவது. அந்தக் கொழுந்தைக் கிள்ளுபவர்கள் யாரை வெளியேற்றப்போகிறீர்களோ அவர்களே.

மூன்றாம் உறை சென்னைக் கோட்டைக்கு. முதலமைச்சர் எம். பக்தவத்சலம். பர்மாவில் நே வின் அரசு கடைகளையும் வணிகத்தையும் தேசியமயமாக்கியதால், ரங்கூனிலிருந்து வரும் கப்பல்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிக்கொண்டிருக்கின்றன. 1962 தேர்தலில் தி.மு.க. ஐம்பது இடங்களைப் பிடித்துவிட்டது. வருகிறவர்களுக்கு நிலம் எங்கே, வேலை எங்கே என்ற கேள்வி உங்கள் மேஜைக்குத்தான் வரும். ஆனால் பேச்சுவார்த்தையின் கடைசிச் சொல் உங்களுடையது அல்ல.

முக்கால் மணி நேரம். ஒரு மேஜை இன்னொரு மேஜையோடு எழுத்துக் குறிப்பால்தான் பேசலாம். மணி அடிக்கையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது பேச்சு முறிந்ததாக அறிவிக்க வேண்டும்.

என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. தமிழ் மாணவர்கள் டெல்லி மேஜையில் அமரும்போது முதல் பத்து நிமிடம் வீரமாகப் பேசுவார்கள். ஒருவரையும் ஏற்கமாட்டோம் என்பார்கள். பிறகு அணுகுண்டுச் செய்தியை மறுபடி படிப்பார்கள். அடுத்து எண்கள் வரும். நான்கு லட்சம், ஐந்து லட்சம், ஐந்தே கால் லட்சம். பேரம் சூடு பிடிக்கையில், எதைப் பற்றிப் பேரம் பேசுகிறோம் என்பது மெல்ல மறைந்துவிடும். இழுபறியாகும் தொகையை 'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று ஒதுக்கிவைக்கும் யோசனை யாராவது ஒருவருக்குத் தோன்றும். தோன்றியதும் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் வரலாற்றில் 1,50,000 மனிதர்கள்.

ஆட்டத்தின் பயன் இங்கே தெரிகிறது. கெட்டவர்கள் கூடிச் செய்த சதியாக மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஒன்றை, நெருக்கடியில் இருந்த சாதாரண மனிதர்கள் செய்த காரியமாக மாணவன் அறிகிறான். அதைவிடக் கசப்பானது, அந்த இடத்தில் தானும் ஏறக்குறைய அதையே செய்தேன் என்று அறிவது. இந்த அறிவு வேறெந்த வழியிலும் எளிதில் வராது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஆட்டத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், நாம் பெரிய மனிதர்களின் சங்கடத்தைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளை மட்டும் உருவாக்கியிருப்போம். எல்லா முடிவுக்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் இருப்பதால் அது சரியாகிவிடும் என்று நம்பும் பிள்ளைகளை. பரணேறியவர்கள் இறங்க மறந்த கதையாகிவிடும்.

*

மூன்று மேஜைகள் சொன்னேன். அந்த வகுப்பில் நான்காவதாக ஒரு நாற்காலி வேண்டும். டெல்லியில் அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேருக்கு முடிவெடுக்கும் இருக்கை இருக்கவில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் எஸ். தொண்டமான் ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். மனிதர்களைப் பண்டம்போலப் பிரிப்பது பற்றிய எதிர்ப்புக் குரல்கள் கடலின் இரு கரையிலும் எழுந்தன. அவை எழுந்தது கையெழுத்தான பிறகு.

ஆகவே அந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும். அதில் ஒரு மாணவனை அமர்த்தி லயத்துத் தொழிலாளியாக அழச்சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அதிகாரத்தை நடித்துப் பார்க்கலாம். பிறர் துயரை நடித்துப் பார்ப்பது கேலியில் முடியக்கூடும். தவிரவும், தமிழகத்தின் எந்த வகுப்பிலும், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய ஒரு பாட்டியின் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். ஆசிரியருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். ஒரே ஒரு விதியை மட்டும் வைப்பேன்: கையெழுத்திடும் முன் இரு பிரதமர்களும் எழுந்து நின்று, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து ஒப்பந்தத்தை உரக்கப் படிக்க வேண்டும். அவ்வளவே.

அதன் பிறகு சீட்டுகள். 9,75,000 பேரை 25,000 பேர் கொண்ட பகுதிகளாகப் பிரித்தால் முப்பத்தொன்பது பகுதிகள் வரும். முப்பத்தொன்பது என்பது நம் ஊரில் ஒரு சாதாரண வகுப்பின் அளவு. ஆசிரியர் ஒரு பெட்டியில் முப்பத்தொன்பது சீட்டுகளை மடித்துப் போடுகிறார். இருபத்தொன்றில் 'இந்தியா'. பன்னிரண்டில் 'இலங்கை'. ஆறில் 'பிறகு'. ஒவ்வொருவரும் ஒன்று எடுக்கிறார்கள். பிரதமராக இருந்தவனும் எடுக்கத்தான் வேண்டும்.

ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்த இருவரில் ஒருத்திக்கு 'இந்தியா', மற்றவளுக்கு 'இலங்கை' என்று வரும். 'இந்தியா' எடுத்த பிள்ளை, அந்த நாட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுடைய தாத்தாவின் தாத்தா பிறந்த ஊர் அது. 'பிறகு' எடுத்த ஆறு பேரும் ஆசிரியரிடம் கேட்பார்கள்: எப்போது? விடை வரப் பத்தாண்டு ஆகும். 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த ஆறு சீட்டை மூன்றும் மூன்றுமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்; ஆளுக்கு 75,000. அதே ஆண்டு ஜூனில்தான் கச்சத்தீவு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. தீவைப் பற்றி இன்றுவரை மேடைதோறும் பேசுகிறோம். மனிதர்களைப் பங்கிட்டது பெரும்பாலோருக்கு நினைவில்லை.

*

ஆட்டம் முடிந்ததும் நடக்கும் உரையாடலே இந்த முறையின் உயிர் என்று இதைக் கையாண்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் மாணவர்களுக்கு வென்றது யார் என்ற ஞாபகம் மட்டும் மிஞ்சும். 1964 ஆட்டத்துக்குப் பிந்தைய உரையாடலில் பகிர வேண்டியவை பல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஐந்து வாரத்துக்குள், டிசம்பர் 3ஆம் தேதி, சிறிமாவோவின் அரசு ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஆளும் தரப்பிலிருந்தே பதினால்வர் எதிர்வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள். சாஸ்திரி 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் மறைந்தார். யாருடைய நெருக்கடிக்காக அந்த எண்கள் எழுதப்பட்டனவோ அவர்கள் இருவரும் சீக்கிரமே காட்சியிலிருந்து விலகிவிட்டார்கள். எண்கள் விலகவில்லை.

இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தவர்களின் தொகை ஒப்பந்தம் விதித்த அளவை எட்டவில்லை. இருக்க விரும்பியவர்களோ, இலங்கை ஏற்க ஒப்பியதைவிட மிகப் பலர். ஆனாலும் லட்சக்கணக்கானோர் புறப்பட்டார்கள். மலைநாட்டிலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மண்டபம் முகாமில் பதிவு. பிறகு நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று மறுபடி தேயிலை. அவர்களுக்கென்றே 1968இல் அரசு தொடங்கிய தோட்டத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ ஆயிற்று. அரசுக் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அக்கம்பக்கத்தில் 'சிலோன்காரர்கள்'. 1984இல் போரினால் கப்பல் நின்றது; பாஸ்போர்ட் கையிலிருந்தும் பலர் அக்கரையிலேயே தங்கிப்போனார்கள். எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க இலங்கை நாடாளுமன்றம் கடைசியாகச் சட்டம் இயற்றியது 2003இல். சீட்டு எடுத்த வகுப்பு முழுவதும் தாத்தா பாட்டி ஆகியிருக்கும் காலம்.

இதையெல்லாம் சொன்னபின் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கலாம். உங்கள் மேஜையில் யாராவது ஒருவர், இவர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்று சொன்னீர்களா? முக்கால் மணி நேரத்தில் அந்த யோசனை எழுந்ததா? எழுந்தது என்றால் ஏன் கைவிட்டீர்கள்? நேரமில்லை என்று ஒரு மாணவன் சொல்லக்கூடும். அந்த விடையைக் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். அரசாங்கங்களும் பெரும்பாலும் அதைத்தான் சொல்லியிருக்கின்றன.

அந்த வகுப்பிலிருந்து ஓர் அயலுறவுச் செயலாளர் வருவார் என்று நான் நம்பவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்களின் மாணவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டோடும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடப் போவதில்லை. ஆனால் அவர்கள் வாக்களிப்பார்கள், பத்திரிகை படிப்பார்கள், தேநீர்க் கடையில் வாதாடுவார்கள். பின்னொரு நாள் யாரோ எங்கோ இத்தனை லட்சம் பேரை இங்கிருந்து அங்கு அனுப்புவதென்று முடிவாயிற்று என்ற செய்தி வரும். இது இன்றும் உலகில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் செய்திதான். அப்போது, எண்ணுக்குப் பின்னால் ஒரு மேஜை இருந்ததென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. அந்த மேஜையருகே ஒரு நாற்காலி காலியாக இருந்ததென்றும் தெரிந்திருந்தால் அதைவிட நல்லது.

முப்பத்தொன்பது சீட்டுகளைக் கத்தரித்து எடுக்க இரண்டு தாள் போதும். அதற்கு மண்டபமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.